அலுவலர் திருப்தியடையும் வரை

ஜூன் 9, திங்கள்

காலை 5.40க்கு எழுந்தேன். இரத்த அழுத்தம் 138/84. தண்ணீர் வடிகட்டியின் கேண்டிலைக் கழுவி மாட்டினேன்.

சௌந்தரத்தின் முழங்கால் ஸ்கேன் அறிக்கையைக் காணவில்லை. மூன்று கோப்புகளிலும் தேடிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனது நினைவிருக்கிறது. நகலைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். அசல் இயந்திரத்தின் மூடிக்கு அடியிலேயே கிடக்க வேண்டும்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஃபைலோட குடும்பம் நடத்துனவரு. ஒரு பேப்பரப் பத்திரமாக் கொண்டுவரத் தெரியல" என்றாள் சௌந்தரம்.

பத்தரைக்குப் போனேன். கடை, பெண்கள் பள்ளிக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. ஷட்டர் இறக்கியிருந்தது. பூட்டைத் துணியால் சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். மேலே ஒரு தாள். கடைக்கார அம்மா அமலோற்பவம் படியில் உட்கார்ந்திருந்தார். ஏழு வருடப் பழக்கம். அவர் என்னை சார் என்பார், நான் அவரை அம்மா என்பேன். அதற்குமேல் பேச்சு வளர்ந்ததில்லை.

"வாங்க சார். வீட்டம்மா ஸ்கேனு உள்ளாறதான் இருக்கு. மூடியத் தூக்கினேன், இருந்துச்சு. சாயங்காலம் வருவீங்கன்னு அப்படியே விட்டேன். நாலு மணிக்கு வந்து சீல் வச்சுட்டாங்க."

தாளைப் படித்தேன். "தேர்வுத்தாள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11-இன்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் திருப்தியடையும் வரை இவ்விடம் மூடப்பட்டிருக்கும்."

இரண்டு முறை படித்தேன். வெயில் அதிகமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

நடந்தது இதுதான். ஞாயிறன்று நடக்கவிருந்த அரசுப் பணித் தேர்வின் வினாத்தாள் வெள்ளியன்றே வெளியே வந்துவிட்டது. பிடிபட்டவனிடம் இருந்தவை ஜெராக்ஸ் பிரதிகள். பள்ளியைச் சுற்றி ஏதோ ஒரு கடையில் எடுத்ததாகச் சொன்னானாம். எந்தக் கடை என்று சொல்லவில்லை. ஆகவே ஒன்பது கடைகளையும் மூடிவிட்டார்கள்.

சீல் வைத்தவர் வருவாய்க் கோட்டாட்சியர். அமலோற்பவம் அவரிடம் கேட்டிருக்கிறார்: "எப்ப சார் திருப்தி ஆவீங்க? ஒரு தேதி சொல்லுங்க." சட்டத்தில் தேதி எதுவும் இல்லை என்றாராம்.

"தேதி போடாம பால் பாக்கெட் கூட வர்றதில்ல சார்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் கீழ் இமை வீங்கியிருந்தது. தனி மனுஷி. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் வருடத்தின் பாதி வேலை. இயந்திரம் வாடகைக்கு எடுத்தது. ஜூலை முடியும்வரை ஓடாமல் கிடந்தால் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கடை என்று ஒன்று இல்லை.

சட்டத்தில் தேதி இல்லைதான். எனக்குத் தெரியும். இந்தச் சட்டம் வந்தபோது நான் சட்டத்துறையில் சார்புச் செயலாளர். மசோதாக்களை வரைவது எங்கள் பிரிவின் வேலை. எந்த மசோதாவும் ஒருவர் எழுதுவதல்ல; பல கைகள் பட்டு வருவது.

ஜூன் 12, வியாழன்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 14, சனி

அமலோற்பவம் வீட்டுக்கே வந்துவிட்டார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்திட்டால் கடையைத் திறப்பார்களாம். "எனது கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். இனி இத்தகைய தவறு நேராது என உறுதியளிக்கிறேன்."

"நீங்க படிச்சவரு. இதுல கையெழுத்துப் போடலாமா சார்?"

எனக்கு உடனே பதில் சொல்ல வராது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அவர் போனபின் உட்கார்ந்து, அதையே கொஞ்சம் மென்மையாக்கி எழுதினேன். "எனக்குத் தெரியாமல் ஏதேனும் தவறு நேர்ந்திருக்குமாயின் அதற்காக வருந்துகிறேன்." இரண்டு மணி நேரம் ஆனது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நல்ல வரைவு என்றே நினைக்கிறேன். கை இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நல்லா எழுதிருக்கீங்க சார். எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியாது போல. ஆனா 'நேர்ந்திருக்குமாயின்'னு நான் எழுதிக் குடுத்தா, நேர்ந்துச்சுன்னுதானே நாளைக்குப் படிப்பாங்க?"

"அது ஒரு பாதுகாப்புக்காக எழுதியது அம்மா."

"யாருக்குப் பாதுகாப்பு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். நான் அந்தப் பேப்பரத் தொட்டதே இல்ல. தொடாததுக்கு எப்படி வருத்தப்படுறது?"

வீடு வந்து வரைவை மறுபடி படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மின்கட்டணம் கட்டப் போன வழியில் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. (நேர் வழி அல்ல.)

பத்து மணிக்கு அமலோற்பவம் தபால் பிரிவு ஜன்னலில் நின்றார். போன வாரம் செவ்வாய்க்கிழமை தொடங்கி அலுவலக நாள்தோறும் ஒரு மனு கொடுக்கிறார். மனுவின் மறுபிரதியில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்கிறார். தபால் எழுத்தர் இளவயதுக்காரர்.

"என்னக்கா, இன்னைக்கும் அதே லெட்டரா?"

"தேதிய மாத்திருக்கேன்ல?"

"ஞாயித்துக்கிழமை உங்களக் காணாம எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

"ஞாயித்துக்கிழமை நீங்க எதுக்குத் தம்பி ஆபீஸ் வந்தீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

மனுவை வாங்கிப் பார்த்தேன். கையால் எழுதியது. "அய்யா, எனது கடை விஷயத்தில் இன்று திருப்தியடைந்தீர்களா? இல்லையென்றால் எதனால் என்று தெரிவிக்கவும்."

இரண்டே வாக்கியங்கள். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்கத் தேவையில்லை. பல வருடம் இதே தொழிலில் இருந்த நான் இப்படி ஒன்றை எழுதியதில்லை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மின்கட்டணம் கட்ட மறந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மற்ற எட்டுக் கடைகளும் திறந்துவிட்டன. எட்டுப் பேரும் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். பக்கத்துக் கடை மரியதாசன் ஷட்டரைத் தூக்கியபடி, "கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிரும் அமலு?" என்று கேட்டார்.

"தேயாதுண்ணே. அடுத்த வருஷம் பேப்பர் வெளிய வந்தா மொதல்ல யார் கடைக்கு வருவாங்க? வருந்துறேன்னு எழுதிக் குடுத்தவங்க கடைக்கு."

மரியதாசன் ஷட்டரைப் பாதியில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அமலோற்பவம் இப்போது ஒரு தையல் கடையில் காஜா எடுத்து, பட்டன் தைக்கிறார். பத்து மணி மனு தவறுவதில்லை.

ஜூன் 25, புதன்

138/86. வேறொன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளி

மாலை வழக்கறிஞர் ரஹீமா பானுவை அழைத்துக்கொண்டு அமலோற்பவம் வந்தார். முப்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிற பெண். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்கள். வழக்கு மனுவில் தெருப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்க வந்ததாகச் சொன்னார்கள். சௌந்தரம் காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அந்தச் சட்டம் எழுதுன ஆபீஸ்லதான் இவரு இருந்தாரு. இவரக் கேளுங்க."

அவள் எப்போதும் இப்படித்தான். அமலோற்பவம் என்னைப் பார்த்தார். மூன்று வாரமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

சொன்னேன். அப்போதும் ஒரு வினாத்தாள் வெளியாகியிருந்தது. சட்டம் கொண்டுவருவதாக அவையில் அறிவித்துவிட்டார்கள். மூன்று நாளில் மசோதா வேண்டும் என்றது மேலிடம். அவசர வேலையில், இருக்கிற சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்துப் பொருத்துவது எங்கள் வழக்கம். பிரிவு 11, பழைய கால்நடை நோய்ச் சட்டத்திலிருந்து எடுத்தது. நோய் கண்ட தொழுவத்தை அலுவலர் திருப்தியடையும் வரை மூடி வைக்கலாம் என்பது மூல வாசகம். தொழுவம் என்ற இடத்தில் நகலகம் என்று போட்டது.

அமலோற்பவம் காபியைக் கீழே வைத்தார்.

"என் கடை மாட்டுக்கொட்டாய்ச் சட்டத்துலயா பூட்டிக் கெடக்கு?"

ரஹீமா பானு சிரித்துவிட்டார். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

"மாட்டுக்குச் சீக்கு போச்சுன்னா எந்திரிச்சுப் புல்லுத் தின்னும், தெரிஞ்சுக்கலாம். என் மெஷினுக்குச் சீக்கு போச்சுன்னு அந்த ஆபீசரு எப்படித் தெரிஞ்சுக்குவாரு?"

நானோ, என் மேலதிகாரிகளோ, அவையில் கை தூக்கியவர்களோ இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அந்த மாட்டுச் சட்டத்துலயே ஏதாவது கால வரம்பு இருந்திருக்கணுமே சார்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

ஞாபகம் இல்லை என்றேன்.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 28, சனி

1993ஆம் வருட நாட்குறிப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஸ்டூல் ஆடுகிறது. எடுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஸ்டூலின் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். ஆடவில்லை. எடுக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை சௌந்தரம் தானே ஸ்டூலை இழுத்துவந்து அலமாரி முன் போட்டாள். "ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன். அஞ்சு நாளா அந்த அலமாரியச் சுத்திச் சுத்தி வர்றீங்க."

முழங்கால் வலியோடு அவள் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் ஏறாமல் இருக்க முடியாது.

அந்தப் பக்கத்தை அப்படியே படியெடுக்கிறேன்.

"17-3-93. தேர்வுத்தாள் மசோதா வரைவு முடிந்தது. கால்நடை நோய்ச் சட்டம் பிரிவு 11ஐ எடுத்தேன். பிரிவு 12ஐயும் (முப்பது நாள் வரம்பு, மேல்முறையீடு) முதலில் சேர்த்தேன். பிறகு நானே அடித்துவிட்டேன். வரம்பு வைத்தால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். வைக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். செயலாளர் பார்த்துவிட்டு, சுருக்கமாக இருக்கிறது, நன்று என்றார். வீட்டில் மின்விசிறி ரெகுலேட்டர் பழுது."

அவ்வளவுதான். என் கையெழுத்து. அப்போது இன்னும் அழகாக இருந்திருக்கிறது.

முப்பத்திரண்டு வருடமாக மேலிடத்து அவசரம் என்று சொல்லிவந்திருக்கிறேன். பிறரிடம் சொன்னதைவிட எனக்கே அதிகம் சொல்லிக்கொண்டேன். மேலிடம் மூன்று நாளில் மசோதா கேட்டது உண்மை. வரம்பை எடு என்று கேட்கவில்லை. கேட்கக்கூடும் என்று நான் பயந்தேன். யாரும் என்னிடம் கேட்காத ஓர் அதிகாரத்தை, யார் யாருக்கோ, எத்தனை வருடங்களுக்கோ, நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கொடுங்கோலனாக இருக்கத் துணிவு வேண்டும் என்று படித்திருக்கிறேன். பயந்தவனின் பேனாவே போதும் போலிருக்கிறது.

யாருக்குப் பாதுகாப்பு என்று அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது.

சௌந்தரத்திடம் படித்துக் காட்டினேன்.

"அந்த ரெகுலேட்டர நான்தான் மாத்தினேன்" என்றாள். பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

இரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஒன்பதரைக்குத் தையல் கடைக்குப் போனேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அமலோற்பவம் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார்.

"எத்தன வரி சார் அது?"

"நான்கு வரி."

"நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"எழுதியிருந்தேன் அம்மா. அடித்துவிட்டேன்."

அவர் முகம் மாறியது. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாகப் போவுது. மனு குடுக்கணும். வாங்க" என்று முன்னால் நடந்தார்.

ஜன்னலில் எழுத்தர் என்னைப் பார்த்து, "யாருக்கா இவரு, சொந்தமா?" என்று கேட்டார்.

"இவருதான் பிரிவு பதினொண்ணு" என்றார் அமலோற்பவம்.

அது எப்படியோ உள்ளே எட்டி, கோட்டாட்சியரே எங்களை அழைத்தார். நாற்பதுக்கு மேல் இருக்காது. நாற்காலி போடச் சொன்னார். மரியாதையாகப் பேசினார். நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடமும் சொன்னேன். ஆணை போட அதிகாரம் உள்ளவருக்கு அதை விலக்கவும் அதிகாரம் உண்டு என்ற பொதுவிதியையும் சொன்னேன்.

"விதி எனக்கும் தெரியும் சார். இந்தம்மா கடைய மூடி வைக்கணும்னு எனக்கு என்ன ஆசையா? திருப்தின்னு நான் எழுதுறேன், நாளைக்கு அந்தக் கடையிலதான் எடுத்தாங்கன்னு வந்துச்சுன்னா? யார் கையெழுத்துன்னு கேப்பாங்க. மூடியே இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

அதே வாக்கியம். என் நாட்குறிப்பை இவர் எப்போது படித்தார்?

அமலோற்பவம் எழுந்தார். "பயமா இருக்குன்னு எழுதிக் குடுங்க சார். அதையாச்சும் வாங்கிட்டுப் போறேன்."

கோட்டாட்சியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. வெளியே வந்ததும் அமலோற்பவம் ஒப்புகையை மடித்துப் பையில் வைத்தபடி, "பாவம் சார், சின்ன வயசு" என்றார். தன் கடையைப் பூட்டியவரைப் பற்றிச் சொன்னார். நாங்கள் பூட்டியது அவர் கடையை மட்டும்தான், மனதை அல்ல போலிருக்கிறது.

ஜூலை 9, புதன்

சௌந்தரத்துக்கு மாத்திரை வாங்கினேன். முருங்கைக்கீரை ஒரு கட்டு. அமலோற்பவத்தின் வழக்கில் கொடுக்கப் பிரமாண வாக்குமூலம் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "என்னால் அடிக்கப்பட்டது" என்று வந்தது. "நான் அடித்தேன்" என்று மாற்றினேன்.

ஜூலை 10, வியாழன்

ரஹீமா பானு வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். சட்டத்தின் பொருளை வரைந்தவரிடம் நீதிமன்றம் கேட்காது. இதை ஓரமாக வைத்துவிடலாம். அதே நேரத்தில், அலுவலக ரகசியத்தை வெளியிட்டதாக என்மேல் நடவடிக்கைக்கு யாராவது எழுதினாலும் எழுதலாம். "பயனும் இல்லாமப் போகலாம், வம்பும் வரலாம். யோசிச்சுக்கங்க அங்கிள்."

156/94.

நாட்குறிப்பின் பக்கத்துக்கு நகல் வேண்டும். அமலோற்பவம் என்னை மரியதாசன் கடைக்கே அழைத்துப் போனார். மரியதாசன் எழுந்து இயந்திரத்தை விட்டு விலகிக்கொண்டார். ஐந்து வாரத்துக்குப் பின் அமலோற்பவத்தின் கை ஒரு மூடியைத் தூக்கியது. புத்தகத்தின் முதுகு உடையாமல் கண்ணாடிமேல் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பிடித்தார். ஓரத்தில் கறுப்பு விழாமல், ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல் வந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மொதல்ல அசல எடுங்க சார்" என்றார்.

எடுத்தேன். மரியதாசன் என்னிடம் காசு வாங்கவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

குழாய் நின்றுவிட்டது. வாஷரைத் தலைகீழாகப் போட்டிருந்தேன் என்று பிளம்பர் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

பகல் ஒன்றரைக்கு ரஹீமா பானுவின் தொலைபேசி. சௌந்தரம் ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

வாக்குமூலத்தை நீதிபதி முழுவதும் படித்தாராம். பிறகு, இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது, சட்டத்தைச் சட்டத்தின் சொற்களிலிருந்துதான் படிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டார். சரிதான். அவர் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அடுத்து அவர் ஒப்புகைகளைக் கேட்டிருக்கிறார். ஜூன் 10 முதல் போன வெள்ளி வரை இருபத்தொன்பது. மூன்றை எடுத்து வாய்விட்டுப் படித்தாராம். மூன்றிலும் அதே இரண்டு வாக்கியங்கள். நீதிமன்றத்தில் சிலர் சிரித்திருக்கிறார்கள். நான்காவதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லையாம்.

அரசு வழக்கறிஞரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "இந்த அம்மா இருபத்தொன்பது முறை கேட்டிருக்கிறார். நான் ஒரே ஒரு முறை கேட்கிறேன். எப்போது? வியாழக்கிழமைக்குள் ஒரு தேதியோடு வாருங்கள். தேதி இல்லையென்றால் நான் ஒன்று கொடுப்பேன்."

"அப்ப இவரு எழுதிக் குடுத்தது வீணாம்மா?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"வீண் இல்ல ஆன்ட்டி. ஜட்ஜ் அத மூணு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம்தான் ஒப்புகையக் கேட்டாரு."

ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 23, புதன்

மாலை ஐந்து மணிக்குக் கோட்டாட்சியர் நேரில் வந்தார். வழக்கு நாளைக்கு, அவர் இன்றே வந்துவிட்டார். உடன் வந்தவர் அரக்கை உடைக்கப் போனபோது தடுத்து, தானே உடைத்தார். ஆணையை அமலோற்பவத்திடம் நீட்டினார். அந்த அம்மா விரல் வைத்து, வரிக்கு வரி படித்தார்.

"திருப்தியடைந்தேன்னு போட்டிருக்கு. பேரும் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. என் பேர்தான்."

"தேதியும் இருக்கு" என்றார் அமலோற்பவம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார். கோட்டாட்சியர் குடித்தார். சாலையோரம் நின்று, காகிதக் கோப்பையில். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. என்னைவிட முப்பத்திரண்டு வருடம் முந்திக்கொண்டவர்.

ஷட்டரைத் தூக்க மரியதாசன் கைகொடுத்தார். உள்ளே தூசு. மூடியைத் தூக்கியபோது கண்ணாடிமேல் சௌந்தரத்தின் முழங்கால் கவிழ்ந்து கிடந்தது. முதல் இருபது பிரதிகள் கறுப்புக் கோடுகளோடு வந்தன. இருபத்தொன்றாவது சுத்தம்.

ஜூலை 24, வியாழன்

"என் முழங்காலு ஒண்ணரை மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்திருக்கு" என்று சௌந்தரம் எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். 136/82.

ஜூலை 30, புதன்

ஒரு கடை திறந்துவிட்டது. பிரிவு 11 அப்படியே இருக்கிறது. அடுத்த முறை சீல் வைக்கப்படும் கடையில் அமலோற்பவம் போல் ஒருவர் இருப்பார் என்று எந்தச் சட்டமும் உறுதி தர முடியாது. எல்லோரும் அவரைப் போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சட்டம் நல்ல சட்டமும் அல்ல.

ஆகவே ஐந்து நாளாக உட்கார்ந்து பிரிவு 12ஐ எழுதியிருக்கிறேன். கால வரம்பு, காரணம் எழுதித் தருதல், மேல்முறையீடு. சட்டத்துறைக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அரசு எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதிகம் இல்லை. ஆனால் அடித்தவனே திரும்ப எழுத வேண்டும் என்று தோன்றியது.

நகலெடுக்கப் போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அமலோற்பவம் தாளை இயந்திரத்தில் வைக்குமுன் படித்தார். எல்லாவற்றையும் இப்படித்தான் படிப்பார் போலிருக்கிறது. ஏழு வருடமாக நான் கவனிக்கவில்லை.

"முப்பது நாளா சார்?"

"பழைய சட்டத்தில் முப்பதுதான்."

"அது மாட்டுக்கு. முப்பது நாளுன்னா என் ஜூன் மாசமே போச்சு."

"எத்தனை வைக்கலாம்?"

"உங்க வீட்டப் பூட்டிட்டு நீங்க வெளிய படியில உக்காந்து பாருங்க. எத்தனாவது நாளு தாங்கலையோ, அத வைங்க."

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கடையின் ஓரத்தில் நின்று யோசித்தேன். நான் மூன்றாம் நாளைத் தாண்ட மாட்டேன். முப்பதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். மூன்று என்று எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அமலோற்பவம் அதைப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு.

வரைவுகளின் கீழே வரைந்தவர் பெயர் இருப்பதில்லை. அதுதான் வழக்கம். இதில் போட்டிருக்கிறேன். க. நீலமேகம், சார்புச் செயலாளர் (ஓய்வு). வரம்பு ஏன் வைத்தாய் என்று யாராவது கேட்கலாம். கேட்பதற்கு வசதியாக முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறேன். எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டிருந்தேன். அமலோற்பவம் எண்ணிப் பார்த்துச் சொன்னார். சேர்த்தேன்.